வேன் பையில் கிடந்த கைபேசிகள்

அத்தியாயம் 11

போன வாரம் மாரிசெல்வியை விருதுநகர் அலுவலகத்தின் படிக்கட்டில் அழவிட்டுவிட்டு வந்தோம். பாவம், அவள் அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, பஸ் பிடித்து ஏழாயிரம்பண்ணைக்கு வந்து சேர்ந்துவிட்டாள். வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விஷயம் இதுதான். அவள் வேலை பார்க்கிற சின்னக் கம்பெனி ‘வீட்டுப்பாடம்’ என்று ஒரு ஆப் நடத்துகிறது. வேலைக்குப் போய்க் களைத்து வரும் அம்மாக்களின் போனில் அது இருந்தால் போதும், பிள்ளைக்குப் பாடத்தை வாசித்துக் காட்டும், கேள்வி கேட்கும், தப்பைத் திருத்தும். ஆப்பைச் செய்வது ஒரு வேலை. அதை ஆட்களின் போனுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதைவிடப் பெரிய வேலை. அந்த இரண்டாவது வேலைதான் மாரிசெல்விக்கு. எந்த விளம்பரத்தைப் பார்த்து யார் வந்தார்கள், வந்தவர்கள் எந்த இடத்தில் சலித்துப்போய்க் கிளம்பினார்கள், யார் தங்கினார்கள் என்று தகவல்களைத் துருவித் துருவிப் பார்த்து, அதற்கேற்ப விளம்பரத்தை மாற்ற வேண்டும்.

அவள் பொறுப்பில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் விட்ட விளம்பரத்துக்குத் திடீரென்று ஆட்கள் குவிந்தார்கள். சந்தோஷத்தில் அவள் அலுவலகத்துக்கே அல்வா வாங்கிக் கொடுத்தாள். அல்வா செரிப்பதற்குள், விளம்பரத்தைக் கவனிக்கிற சென்னைக்காரர்கள் ‘அத்தனையும் போலி’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரே இணைப்பில், ஒரே இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாகப் பல போன்களில் ஆப் ஏறியிருக்கிறது. ஆள் கணக்கைக் கூட்டிக் காட்ட யாரோ உட்கார்ந்து செய்த ஏமாற்று வேலை என்பது அவர்கள் முடிவு. விளம்பரம் மாரிசெல்வியுடையது, ஆகவே பழியும் அவளுடையது.

அவளை அழவைத்தது அதுகூட இல்லை. போலி என்று அவளுக்கே தோன்றிவிட்டதுதான். ஆப் ஏறியிருந்ததெல்லாம் பட்டப்பகலில். அவள் ஊர்ப் பெண்கள் கையில் பகலில் போன் ஏது? அவர்கள் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குள் போன் போகக் கூடாது. ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

காலையில் வாசலில் அவளுடைய அப்பா வெள்ளைத்துரை பட்டாசுக் கம்பெனி வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துப் பெண்களைக் கம்பெனிக்கு ஏற்றிப் போய் ஏற்றி வருவது அவர் வேலை.

“என்ன தாயி, மொகம் வாடிக் கெடக்கு? ஒன் ஆப்பு எப்படி ஓடுது?”

“ஓடுதுப்பா.”

“ஆளுக வாராகளா?”

“வாராக.”

வெள்ளைத்துரை மீசைக்குள் சிரித்தபடி கண்ணாடியை இன்னும் ஒரு தடவை துடைத்தார். அந்தச் சிரிப்பை அவள் கவனித்திருந்தால் இந்த அத்தியாயம் பாதியாகக் குறைந்திருக்கும். அவள் கவனிக்கவில்லை.

“காலங்காத்தால அவகிட்ட என்ன விசாரணை?” அம்மா சண்முகத்தாய் தூக்குச்சட்டியோடு வெளியே வந்தாள். அவளும் அதே கம்பெனியில்தான் சரவெடி பின்னுகிறாள். “வண்டிய எடுங்க. பாண்டிமீனா இந்நேரம் ரோட்டுக்கு வந்து நிப்பா.”

மாரிசெல்வியின் தலையை ஒரு தடவை தடவிவிட்டு அம்மா வேனில் ஏறிக்கொண்டாள். எதையும் கேட்காமல் தடவியதால் அவளுக்கு மறுபடி அழுகை வந்தது.

விருதுநகரில் அலுவலகம் ஒரு மல்லி, மிளகாய் வத்தல் மண்டியின் மாடியில் இருந்தது. கீழே வத்தல் மூட்டை இறங்கினால் மேலே எல்லோரும் தும்முவார்கள். மண்டி, ஆப் கம்பெனியின் முதலாளி ஸ்ரீராம்குமாருடைய அப்பாவுக்குச் சொந்தம். குடும்பத்தில் இவர் ஒருவர்தான் மூட்டையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறியவர்.

“நான் உங்களைச் சந்தேகப்படலை மாரிசெல்வி,” என்றார். “ஆனா சாயங்காலம் நான் சென்னைக்குப் பதில் சொல்லியாகணும். யார் செஞ்சாங்கன்னு சொல்லலைன்னா அந்தப் பக்கத்து வேலையையே நிறுத்திருவாங்க. அப்புறம்...”

“அப்புறம் எனக்கு இங்க வேலை இல்லை.”

 கீழே மூட்டை இறங்கியது போலிருக்கிறது, அவர் தும்மிவிட்டுப் போய்விட்டார்.

அவள் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தாள். சென்னைக்காரர்கள் அனுப்பியதை மறுபடி பார்த்தாள். அவர்கள் பார்த்ததெல்லாம் இந்த ஆட்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்பதைத்தான். வந்தபின் என்ன செய்தார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. பழி விழுந்த பதற்றத்தில் அவளும் பார்க்கவில்லை. போலிக்கு ஏற்றிய போன் அதற்குப் பிறகு மூச்சே விடாது. இவை அப்படித்தான் செத்துக் கிடக்கின்றனவா?

தேடிப் பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாதிப்பேர் ஏறிய அன்றைக்குச் சாயங்காலமே ஆப்பை அழித்திருந்தார்கள். ஆனால் மீதிப்பேரின் போன்களில், பொழுது சாய்ந்ததும் ஆப் திறக்கிறது. பாடம் ஓடுகிறது. பதில் வருகிறது. மறுநாளும் திறக்கிறது. எந்த விளம்பரத்தில் வந்தவர்களும் இப்படித் தங்கியதில்லை.

விளம்பரத்தில் வந்த மற்றவர்கள் ஏன் தங்கவில்லை என்பதற்கும் அங்கேயே விடை இருந்தது. ஆப்பின் முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயர், வகுப்பு, வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் என்று வரிசையாகக் கட்டங்கள். விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பக்கத்திலேயே கழன்றுகொண்டிருந்தார்கள். பகலெல்லாம் பட்டாசுத் திரியும் காகிதமும் உருட்டிய கை, வீட்டுக்கு வந்து இத்தனூண்டு கட்டங்களில் தட்டிக்கொண்டிருக்குமா? ‘போதும்டா சாமி’ என்று மூடிவைத்துவிட்டு உலை வைக்கப் போயிருக்கும். ஆனால் இந்தப் ‘போலி’ ஆட்கள் ஒருவர் விடாமல் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தார்கள்.

என்ன நிரப்பியிருக்கிறார்கள் என்று பார்த்தாள். தன்யஸ்ரீ, இரண்டாம் வகுப்பு. செல்லப்பெயர்: பட்டாணி.

மாரிசெல்வியின் கை அப்படியே நின்றது. தன்யஸ்ரீ பாண்டிமீனாவின் மகள். அவளைப் பட்டாணி என்று கூப்பிடுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை மூக்குக்குள் பட்டாணியைத் திணித்துக்கொண்டது. டீச்சர் பாண்டிமீனாவின் போனுக்கு அடித்தார். எடுத்தவர் வெள்ளைத்துரை. அன்றிலிருந்து அவருக்கு அவள் பட்டாணிதான். கம்பெனி கேட்டுக்கு வெளியே தகர ஷெட்டில், பெண்கள் விட்டுப்போகிற போன்களையெல்லாம் ஒரு பையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது அவர்தானே. வீட்டிலிருந்தோ பள்ளியிலிருந்தோ அவசரமாக அழைப்பு வந்தால் எடுத்துப் பேசி, கேட்டுக்கு ஓடி ஆளைக் கூப்பிடுவார். அதற்காகவே பெண்கள் தங்கள் போனின் பூட்டைத் திறக்கிற வழியையும் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். கட்டிய புருஷனிடம் சொல்லாத ஆட்கள்கூட அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

“ஐயோ அப்பா,” என்றாள் மாரிசெல்வி, சத்தமாகவே. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

எழுந்து போய் ஸ்ரீராம்குமாரிடம் சொல்லிவிட்டால் இந்த நிமிடமே அவள் தப்பிவிடலாம். ஆனால் சொன்னது சென்னைக்குப் போகும். நம்பிக் கொடுத்த போனை வேன்காரர் நோண்டினார் என்று பட்டாசுக் கம்பெனி காதுக்குப் போனால், அப்பாவின் கையில் பை இருக்காது. வேனும் இருக்காது. அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

தகர ஷெட்டில் வெள்ளைத்துரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து பெஞ்சில் பை. அது அவள் கல்லூரிக்குக் கொண்டுபோன பழைய பைதான். நிறைய அறை இருக்கிறதென்று எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு போனும் அவரவர் கைக்குட்டையில் சுற்றியிருக்கும். துணியைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவார்.

“என்ன தாயி, இந்நேரத்துல இங்கன?”

“யப்பா, இந்தப் போன்ல எல்லாம் என் ஆப்பை நீங்கதான் போட்டீகளா?”

“கண்டுபிடிச்சிட்டியா!” அவர் முகம் மலர்ந்துபோனது. “எல்லாத்துலயும் இல்ல. பிள்ளை படிக்கிற வீட்டுப் போன்ல மட்டும். அன்னைக்கு ஒன் விளம்பரத்து லிங்க் ஒண்ணு எனக்கு அனுப்புன பாரு, அதத்தான் ஒவ்வொண்ணுக்கா அனுப்பி எறக்குனேன். தெனமும் டீ குடிச்சிட்டு நாலஞ்சு போன். பேரு, வகுப்பு எல்லாம் யோசிச்சு யோசிச்சுப் போட்டேன். ஒருத்தி டேட்டாவையும் தொடல தாயி. என் போன்ல ஹாட்ஸ்பாட்டப் போட்டு, என் நெட்டுலதான் எறக்குனேன். அடுத்தவுக பொருள் நமக்கு எதுக்கு?”

மாரிசெல்வி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்தவர் டேட்டாவைத் தொடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தன் நெட்டைப் போட்டாரே, அதனால்தான் அத்தனை போனும் ஒரே இணைப்பில் வந்தது. அந்த ஒன்றை வைத்துத்தான் சென்னையில் போலி என்று முத்திரை குத்தினார்கள். அவர் கொஞ்சம் நேர்மை குறைந்தவராக இருந்திருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. இந்த மனிதரை எந்த இடத்தில் பிடித்து ஏசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் வடிந்தது.

“ஒன் வேலைக்கு எதுவும்...”

“சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்ப்பா.”

“அம்புட்டுத்தான? எங்க அப்பன்தான் கூறுகெட்டுப் போய்ச் செஞ்சான்னு சொல்லிரு.”

“அதுக்கு நான் வரலை.” அவள் பையைப் பார்த்தாள். “யப்பா, இவுககிட்ட கேட்டீகளா?”

“நல்லதுதான தாயி? பிள்ளைக படிக்கத்தான...”

“நல்லதுதான். கேட்டீகளா?”

 வெள்ளைத்துரை பெஞ்சில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். 

“கேக்கல.” இன்னும் கொஞ்சம் யோசித்தார். “பூட்டத் தொறக்க இவுக வழி சொன்னது, பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் ஓடுறதுக்கு. வேற எதுக்கும் இல்ல. நீ ஒங்க ஆபீசுக்குச் சொல்றது அப்புறம். மொதல்ல இவுகளுக்கு நான் சொல்லணும்.”

“வேணாம்ப்பா! கம்பெனிக்குத் தெரிஞ்சா வண்டி போயிரும். நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன்.”

“எப்படி? பொய் சொல்லியா?” என்றார் அவர். அதட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். 

மணி அடித்தது. பெண்கள் கைகால் முகம் கழுவிக்கொண்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தார்கள். மாரிசெல்வியைப் பார்த்து, “என்ன செல்வி, அம்மாவக் கூட்டிட்டுப் போக வந்தியா?” என்று கேலி செய்தார்கள். எல்லோரும் ஏறி உட்காரும்வரை வெள்ளைத்துரை பொறுத்திருந்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேன் படியில் ஏறி நின்றார்.

“தாயிகளா, ஒரு தப்பு பண்ணிட்டேன். ஒங்க போன்ல எம் மக கம்பெனி ஆப்பை, ஒங்கள ஒரு வார்த்தை கேக்காம போட்டுட்டேன். வேற எதையும் பாக்கல, தொறக்கல. ஆனாலும் தப்புத்தான்.”

 பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. “அடப்பாவி அண்ணே! எம் மகதான் போட்டான்னு அவள ரெண்டு சாத்து சாத்துனேனே!”

சிலர் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி, “நல்ல ஆப்புத்தான், எங்க வீட்டுல ஓடுது” என்றாள். இன்னொருத்தி, “அது பாட்டுக்கு வந்து எடத்த அடைக்குதுன்னு நான் அன்னைக்கே தூக்கிட்டேன்” என்றாள். சண்முகத்தாய் மட்டும் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் போன்லயும் போட்டீகளா?”

“ஒன் போன்ல எதுக்கு? நம்ம வீட்டுல படிக்கிற பிள்ளை யாரு?”

“அதுவும் சரிதான். இருந்தாலும் வீட்டுக்கு வாங்க, ஒங்களுக்கு இருக்கு.”

இப்போது வேன் நன்றாகவே சிரித்தது. பாண்டிமீனா சிரிக்கவில்லை. கையை நீட்டித் தன் போனை வாங்கி, சுற்றியிருந்த பூப்போட்ட கைக்குட்டையைப் பிரித்தாள்.

“எங்க வீட்டுக்காரக திருப்பூர்ல இருந்து பேசி அனுப்புற வாய்ஸெல்லாம் இதுலதான் இருக்கு. நீங்க அதப் போட்டுக் கேட்டிருக்க மாட்டீக தொரண்ணே, எனக்குத் தெரியும். ஆனா இனிமே ஒங்ககிட்ட இதக் குடுக்கும்போதெல்லாம் அந்த நெனப்பு வரும்ல? இவ்வளவு நாளும் அது வந்ததே இல்ல.”

வெள்ளைத்துரை தலையைக் குனிந்துகொண்டார். யாராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பாண்டிமீனா திட்டவில்லை. ஆப்பை அழித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாரிசெல்விக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அத்தனை பேர் முன்னால் வெட்கமாக இருந்ததால் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வேன் கிளம்பியது. “இப்பச் சொல்லிரு தாயி,” என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

அவள் ஸ்ரீராம்குமாரை அழைத்தாள். நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஆட்கள் போலி இல்லை என்றும், இருப்பவர்களிலேயே நன்றாகத் தங்கியவர்கள் அவர்கள்தான் என்றும் சொன்னாள். முதல் பக்கத்துக் கட்டங்களை எடுத்துவிட்டு, பிள்ளையே வாயால் பெயர் சொல்லித் தொடங்குகிற மாதிரி மாற்றினால் மற்றவர்களும் தங்குவார்கள் என்றாள்.

மறுமுனையில் ஸ்ரீராம்குமார் விழுந்து விழுந்து சிரித்தார். “உங்க வேலைக்கு நான் பொறுப்பு, கவலைய விடுங்க. கட்டத்தையும் எடுத்துருவோம். ஆனா அதைவிடப் பெரிய விஷயம் கையில கிடைச்சிருக்கே! சிவகாசி, திருத்தங்கல், தாயில்பட்டின்னு இந்தப் பக்கம் எத்தனை கம்பெனி வேன் ஓடுது? ஒவ்வொரு டிரைவர்கிட்டயும் இப்படி ஒரு பை இருக்கும்ல? உங்க அப்பா செஞ்ச மாதிரியே எல்லாரையும் செய்யச் சொல்லுவோம். கமிஷன் குடுத்துருவோம். எல்லாத்தையும் அவர்தான் பாத்துக்கணும். நாளைக்குக் காலையில நானே வந்து அவர்கிட்டப் பேசுறேன்.”

“சார், அந்தப் பொம்பளைகளைக் கேக்காம...”

“அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா.” போனை வைத்துவிட்டார்.

“ஐயா என்ன சொன்னாரு? வேலை இருக்குல்ல?” அப்பா ஆவலாகக் கேட்டார்.

“இருக்குப்பா.”

அவர் விட்ட மூச்சு பின்சீட்டு வரை கேட்டிருக்கும். மீதியைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பாண்டிமீனாவின் நிறுத்தத்தில் தன்யஸ்ரீ வழக்கம்போல வந்து நின்றாள். அம்மா இறங்கியதும் முந்தானையைப் பிடிப்பதற்கு முன்னால் போனைப் பிடுங்கிக்கொண்டாள். தேய்த்தாள், தேடினாள்.

“எம்மா, அந்த அக்காவக் காணோம்.”

“எந்த அக்கா?”

“பட்டாணின்னு கூப்பிட்டுப் பாடம் சொல்லுமே, அந்த அக்கா. நேத்து கழித்தல் கணக்குப் பாதியில நிக்குது. இன்னைக்கு முடிக்கணும்னு சொல்லுச்சு.” உதடு பிதுங்கிவிட்டது.

பாண்டிமீனா மகளைப் பார்த்தாள். நகராமல் நின்ற வேனைப் பார்த்தாள். வெள்ளைத்துரை கியரைப் போடாமல், இங்கே பார்க்கவும் துணியாமல் உட்கார்ந்திருந்தார். அவள் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்க ஜன்னலுக்கு வந்தாள்.

“தொரண்ணே.” போனை நீட்டினாள். “இப்ப நான் சொல்றேன், போட்டுக் குடுங்க. நான் பாத்துக்கிட்டே நிக்கேன்.”

வெள்ளைத்துரை இரண்டு கையையும் சட்டையில் துடைத்துவிட்டு அதை வாங்கினார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க, அவசரமாகத் தன் போனையும் எடுத்தார்.

“இரும்மா, என் ஹாட்ஸ்பாட்டப் போடுறேன். ஒன் டேட்டா எதுக்கு வீணா...”

“யப்பா! வேண்டாம்!” மாரிசெல்வி போட்ட கூச்சலில் வேன் முழுக்கச் சிரித்தது. என்ன ஏது என்று புரியாமலேயே பாண்டிமீனாவும் சிரித்துவிட்டாள்.

ஆப் இறங்கியது. இந்தத் தடவை கட்டங்களைப் பாண்டிமீனா ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் நிரப்பினார். செல்லப்பெயர் வந்ததும் தயங்கி நிமிர்ந்தார். “அதையே போடுங்க,” என்றாள் அவள். ‘வா பட்டாணி’ என்று போன் கூப்பிட்டதும் பிள்ளை அதைப் பறித்துக்கொண்டு ஓடியது.

“நாளைக்கு... போனைப் பையில போடுவியாம்மா?”

பாண்டிமீனா பூப்போட்ட கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “காலையில வாங்கண்ணே, பாப்போம்.”

அந்தப் ‘பாப்போம்’ ஒன்றே அவருக்குப் போதுமாக இருந்தது. காலையில் இன்னும் சீக்கிரமாக வண்டியை எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கியரைப் போட்டார். அதே காலையில் அதே வேனைத் தேடி ஸ்ரீராம்குமார் வந்து நிற்பார் என்பது, மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாரிசெல்வி ஒருத்திக்குத்தான் தெரியும்.